வாப்பா சொன்ன சரி

தாராவி
ஞாயிற்றுக்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகள் சஃபீனாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் நிம்மதி இல்லை, நீயாவது சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க அல்லாஹ் போதுமானவன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், தெரியும். ஆனால் போனில் சொன்னால் பாதியிலேயே சரி உம்மா, சரி உம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஷைஸ்தா இதைப் படம் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவாள், வியாழக்கிழமைக்குள் நீ ஒரு காரியம் செய்தாக வேண்டும்.

பட்டறை விஷயம்தான். கீழ் அறையில் வாப்பா தோல் வெட்டுவதும் மேல் அறையில் அவர் தம்பி, உன் சைஃப் சாச்சா, பை தைப்பதுமாக இருபது வருஷம் ஓடியது, கீழ் அறையும் தனக்கே வேண்டும் என்று சாச்சா கேஸ் போட்டதும் உனக்குத் தெரியும். ஜட்ஜ் மீடியேஷன் என்கிற சமரசப் பேச்சுக்குப் போகச் சொன்னபோது வாப்பா தயங்கினார், நீதான் போனில் ஒரு மணி நேரம் பேசி, கோர்ட்டில் ஒருத்தர் ஜெயிப்பார் ஒருத்தர் தோற்பார், மீடியேஷனில் காக்காவும் தம்பியுமாகவே வெளியே வரலாம் என்று அனுப்பிவைத்தாய். நீ படிக்கிற படிப்பே அதுதானே என்று நானும் நம்பினேன். இப்போது உன் மேல் எனக்குக் கோபம்தான், அதை மறைக்கப் போவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். மீடியேட்டர் அம்மா நல்ல மாதிரிதான், தண்ணீர் கொடுத்து, இந்தியில் பொறுமையாகப் பேசினாராம். அவர் பக்கத்தில் லா காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று பாடம் கற்றுக்கொண்டிருந்தார்களாம். சாச்சா கேட்பதை அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, உன் வாப்பா வழக்கம்போல சரி, சரி என்று தலையை ஆட்டியிருக்கிறார். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லு என்று அர்த்தம். அந்த அம்மா காதில் அது, இந்திக்காரர்கள் ஒப்புக்கொள்ளும்போது சொல்கிற சஹி, சஹி என்று விழுந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார் என்று எழுதிவிட்டார். வியாழக்கிழமை வந்து சஹி பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். இந்த ஊரில் கையெழுத்துக்கும் அதுதானே பெயர்.

வீட்டுக்கு வந்த காகிதத்தை ஷைஸ்தா படித்துச் சொன்னாள், கீழ் அறை முழுதும் சைஃபுக்கு, மேல் அறை ஜெயினுலாப்தீனுக்கு, அதாவது உன் வாப்பாவுக்கு என்று. அந்த இரும்பு ஏணியில் உன் வாப்பா முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவார்? வெட்டுகிற மேஜை ஏணிக்கு மேலே இருக்கிற அந்த ஓட்டை வழியாக ஏறவே ஏறாது. இந்த வயசில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். தான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் புரியவில்லை என்று போய்ச் சொல்லுங்கள் என்றேன். நாப்பது வருசமா பம்பாயில கெடக்கேன், இந்தி வெளங்கலன்னு அந்தச் சின்னப் புள்ளைங்க முன்னால சொல்லச் சொல்லுதியா, நாலு பேரு முன்னால சரின்னுட்டேன், சொன்னது சொன்னதுதான் என்கிறார். கையெழுத்துப் போடும்வரை எதுவும் கட்டுப்படுத்தாது என்று நீ சொன்னாய், ஆனால் உன் வாப்பாவுக்கு வாய்ச்சொல்லே கையெழுத்து.

எனக்குத் தாங்காதது அதுவும் இல்லை. அந்த அறையில் அந்தச் சரிக்கு அர்த்தம் தெரிந்தவர் இன்னொருவரும் இருந்தார். உன் சாச்சா அதைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவர். நேற்று பள்ளிவாசல் முனையில் பார்த்துக் கேட்டேன், காக்கா சரின்னாவளே மைனி, நான் என்ன செய்ய என்றார், என் முகத்தைப் பார்க்காமல். உன் பாடப் புத்தகத்தில் இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு ஏதாவது பெயர் இருக்கிறதா?

வியாழக்கிழமை நானும் போகிறேன். தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பேன். பிறகு எல்லார் முன்னாலும் சைஃபிடம் ஒன்றே ஒன்று கேட்பேன், உன் காக்கா சொன்ன சரிக்கு என்ன அர்த்தம் என்று. உண்மையைச் சொன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து புதிதாகப் பேசட்டும். பொய் சொன்னால் மறுபடியும் கேஸ்தான், அதற்குப் பிறகு பெருநாளைக்கு அந்த வீட்டுக்கு நான் சேமியா கொடுத்தனுப்ப மாட்டேன். ஆனால் உன் வாப்பா அங்கே பேனாவை எடுக்காமல் இருக்க வேண்டும், அதற்கு நான் சொன்னால் நடக்காது. நீ சொன்னால்தான் கேட்பார். புரியவில்லை என்று சொல்வது வாக்கு மாறுவது ஆகாது என்று புதன்கிழமைக்குள் அவரிடம் நீ பேசு.

குளிர் ஒத்துக்கொள்ளாதே உனக்கு, ஏசி ரூமில் காதை மூடிக்கொண்டு உட்கார். வக்துக்குத் தொழு. உன் படிப்பும் உன் நாவும் நாலு பேருக்கு நியாயம் செய்யட்டும் என்று துஆ செய்துகொண்டே இருக்கிறேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணு. ஆனால் சரி உம்மா என்று மட்டும் சொல்லாதே, வாப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல், இல்லை முடியாது என்று சொல்.

துஆவுடன்,
உன் உம்மா
நூர் நிஷா