மூன்றாம் பக்கத்தில் ஒரு திருத்தம்

நாற்காலி வரிசை கோணினால் சாப்பாடு இறங்காத என் தில்லை அண்ணனுக்கு,

முதலில் ஊர்ச் செய்தி. காப்பாளர் போய்விட்டார். புரட்சியால் அல்ல, சளியால். நீங்கள் ஐந்து கூட்டம் போட்டும் முடியாததை ஒரு மழைக்காலம் முடித்து வைத்தது. அலோர் காஜா கடைகளில் அவர் படம் தொங்கிய இடம் மட்டும் சுவரில் வெளுத்துத் தெரிகிறது. சிலர் அங்கே நாட்காட்டி மாட்டிவிட்டார்கள். சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று, ஆணியைப் பிடுங்காமல் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் வார இதழில் வருவதால் எல்லைக்கு அந்தப் பக்கத்து வாசகர்களுக்கும் இரண்டு வரி சொல்ல வேண்டும். மற்ற மாநிலங்கள் ஒன்றுசேர்ந்தபோது மலாக்கா மட்டும் தனிக் குடியரசாக நின்றுகொண்டது. அதற்கு ஒரு காப்பாளர் வாய்த்தார். "நிலைமை சீராகும்வரை" பொறுப்பில் இருப்பேன் என்றவர் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தார். நிலைமை சீராகவில்லை என்பதை அவரே பார்த்துக்கொண்டார். தில்லைநாதன் அவருடைய அரச விழா இலாகாவில் துணை இயக்குநர். யார் எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்யும் உத்தியோகம். அந்தக் காப்பாளரைக் கவிழ்க்கச் சதி செய்த குழுவுக்குத் தலைவரும் தில்லைநாதனே. நான் அந்தக் குழுவின் செயலாளர், தோட்டப் பள்ளி ஆசிரியன்.

அண்ணே, உங்களுக்கு நான் எழுத வேண்டிய கடிதம் இது. பதினொரு ஆண்டு தாமதம். ஏன் இன்று எழுதுகிறேன் என்றால், போன மாதம் விருதுக் குழுவிலிருந்து ஒரு பெண் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். அந்தச் சதியில் இருந்தவர்களுக்குப் பதக்கம் கொடுக்கப்போகிறார்களாம். நாம் ஏழு பேர். விண்ணப்பம் போட்டிருப்பவர்கள் நூற்று அறுபது. பாயா ரும்புட்டில் ஒரு தெருவுக்கு உங்கள் பெயரை வைக்கவும் யோசனை இருக்கிறது.

"ஸார், ஒரே ஒரு பேருதான் பிரச்சன லா," என்றார் அந்தப் பெண். "சுங்கை ரம்பாய் லோரி ரத்தினம். அவருதான் காட்டிக் குடுத்தாருன்னு எல்லாரும் சொல்றாங்க. பாரத்துல துரோகின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போட்டுடலாமா? நீங்க சரின்னா நான் டிக் பண்ணிடுவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு என்ன இருந்தது? காட்டிக் கொடுத்தது ரத்தினம் அல்ல, நான்.

நம் கூட்டங்களை நினைத்துப் பார்க்கிறேன். சனிக்கிழமை பிற்பகல், தோட்டப் பள்ளியின் மூன்றாம் வகுப்பறை. ஐந்து பேருக்கு மேல் கூடினால் குற்றம் என்ற காலம். நீங்களோ நம்மைப் 'பள்ளி விளையாட்டு விழாக் குழு' என்று முறைப்படி பதிவு செய்தீர்கள். "களவாக் கூடினாத்தான் தம்பி பிடிப்பாங்கள். நாங்கள் முறையாக் கூடுவம்," என்றீர்கள். பதிவுப் பாரத்தில் உங்கள் பெயரைத் தவிர மற்ற ஆறும் உங்கள் இலாகாவில் ஓய்வுபெற்று இறந்துபோன குமாஸ்தாக்களின் பெயர்கள். பின்னால் போலீஸ் அந்த ஆறு பேரையும் இடுகாடு வரை தேடிப் போனது.

உங்கள் திட்டத்தின் அழகை இன்றும் ரசிக்கிறேன். துப்பாக்கி கிடையாது. குடியரசு நாள் விழாவின் நிகழ்ச்சி நிரல் மட்டுமே. இராணுவத் தளபதியின் நாற்காலியை அவருடைய ஆட்களிடமிருந்து எட்டு வரிசை தள்ளிப் போடுவது. காப்பாளரை ரிப்பன் வெட்டப் புதிய மண்டபத்துக்குள் அனுப்பி வெளியே பூட்டுவது. ரத்தினத்தின் லோரி எல்லைப் பாலத்தில் பழுதாகி நிற்பது. மேடையில் ஒலிபெருக்கி உங்கள் கையில். நாற்காலி போடுபவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பதுதான் உங்கள் பலம். பதினைந்து ஆண்டுகளாக அதற்காகக் காத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை.

ஒரே ஒரு பலவீனம், நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ளது. கூட்டம் என்றால் கூட்ட அறிக்கை வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், வர இயலாதவர்களின் வருத்தம், நன்றியுரை. கோயில் கமிட்டியில் பழகியவர்களுக்கு ஆட்சியைக் கவிழ்க்கும்போது மட்டும் அந்தப் பழக்கம் விட்டுப்போகுமா?

"அண்ணே, இதையெல்லாம் எழுதி வைக்கணுமா?" என்று ரத்தினம் கேட்டார். "மாட்டுனா செத்தோம் லா."

"எழுத்தில இல்லாட்டி அது நடக்கவே இல்லை, ரத்தினம்," என்றீர்கள். "நாளைக்கு நான்தான் செய்தன் எண்டு நூறு பேர் வருவாங்கள்."

நூற்று அறுபது பேர், அண்ணே. கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

எனவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு அறிக்கை எழுதினேன். ஒன்று சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல் பற்றியது. சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப. மற்றொன்று நிஜம், பெயர் இல்லாமல் பதவி மட்டும் போட்டது, கார்பன் நகலோடு புத்தகத்தில் வைக்க. இரண்டிலும் நீங்கள் கையெழுத்திட்டீர்கள். கையெழுத்து இல்லாத அறிக்கை செல்லாது என்பதில் நீங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

ஐந்தாம் கூட்டத்துக்குப் பிறகு, வழக்கம்போல, பழுப்பு உறையில் போட்டுத் தபாலில் சேர்த்தேன். திங்கட்கிழமை வகுப்பில் பையைத் திறந்தால் சாக்கு ஓட்டம் என் பையிலேயே இருக்கிறது.

அன்றே உங்களிடம் ஓடி வந்திருக்கலாம். நான்கு நாள் இருந்தது. வரவில்லை. பயம் என்று சொன்னால்கூட மன்னிப்பீர்கள். அது பயம் இல்லை. ஐந்து கூட்டத்துக்கும் அறிக்கை எழுதிய செயலாளர் உறையை மாற்றி ஒட்டிவிட்டான் என்று உங்கள் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பதிவகத்தில் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட. அந்த வாரம் ஒருவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தார். அவருக்கு இன்னும் படிக்கும் பழக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, விழாத் திடலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது உங்களைப் பிடித்தார்கள். கடைசி வரிசையை நேராக்கிவிட்டு வருகிறேன் என்று கேட்டீர்களாம். அனுமதித்தார்களாம். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பெயரும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு சிறையிலேயே நெஞ்சு அடைத்துப் போய்விட்டீர்கள்.

ரத்தினத்தின் மேல் பழி எப்படி விழுந்தது தெரியுமா? நீங்கள் பிடிபட்ட மறுவாரம் அவருடைய லோரி பெர்மிட் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அலையாமல், ஆளைப் பிடிக்காமல், கேட்ட தேதிக்கே. நம் நாட்டில் ஒரு காரியம் ஒழுங்காக நடந்தால் அதற்குப் பின்னால் துரோகம் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். வேறு சாட்சி யாரும் கேட்கவில்லை. அவர் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. நானும் போகவில்லை, அண்ணே. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

சிறையில் உங்களைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, உங்கள் மனைவி, ஒருநாள் என்னிடம் உங்கள் சேதியைச் சொன்னார். "அறிக்கை நல்லா எழுதியிருந்தாராம் எண்டு தம்பியிட்டச் சொல்லச் சொன்னவர். மூண்டாம் பக்கத்தில ஒரு திருத்தம் மட்டும்..." அதற்கு மேல் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. விசாரணையில் நான் எழுதிய அந்த நிஜ அறிக்கையை உங்கள் முன்னால் விரித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். தெரிந்தும் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றி அக்காவிடம் தேத்தண்ணீர் கேட்டேன்.

புத்தகத்தில் இருந்த நகலில் மூன்றாம் பக்கத்தை மட்டும் பல முறை படித்தேன். ஓரிடத்தில் பதினெட்டு நாற்காலியைப் பத்தொன்பது என்று எழுதியிருந்தேன். திருத்தம் அதுதான் என்று நம்பினேன். உங்களைத் தெரிந்தவர் யாரும் அப்படித்தான் நம்புவார்கள்.

அந்தப் பக்கத்தில்தான் ஆறாம் தீர்மானமும் இருக்கிறது. காப்பாளரைப் பூட்டியபின் நாட்டை யார் நடத்துவது? 'இடைக்காலத் தலைவராகக் குழுத் தலைவரே பொறுப்பேற்பார். காலம்: நிலைமை சீராகும்வரை. முன்மொழிந்தவர்: தலைவர். வழிமொழிந்தவர்: செயலாளர்.'

அன்று ரத்தினம்தான் கேட்டார். "நெலம சீராயிருச்சுன்னு யாருண்ணே சொல்வாங்க?"

"நான்தான் சொல்லுவன்," என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். ரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் அறிக்கையில் எழுதவும் இல்லை.

புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, பள்ளிக் கோப்பைகளுக்குப் பின்னால். அதைக் கொடுத்தால், அனுப்பாமல் அதில் தங்கிவிட்ட சாக்கு ஓட்டத்தை வைத்தே, உறையில் போனது எந்த அறிக்கை என்பது வெளியே வரும். ரத்தினத்தின் பழி கழியும். கூடவே ஆறாம் தீர்மானமும் வெளியே வரும். தியாகி என்று தெருவுக்குப் பெயர் வைக்கப்போகும் நேரத்தில், அவரும் அதே நாற்காலியில் அதே வார்த்தையைச் சொல்லி உட்காரப் பார்த்தவர் என்று தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் ரத்தினத்தின் கட்டத்தில் டிக் விழும். மூன்று வாரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு அக்காவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உறை, திங்கட்கிழமை, நான்கு நாள். "ரத்தினம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்த தாம்பாளத்தை வாசலிலேயே வைச்சுத் திருப்பி அனுப்பினனான்," என்றார் அக்கா. "நீர் பாத்துக்கொண்டு இருந்தனீர்."

ஓம் என்றேன்.

எழுந்துபோய் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து வந்தார். சிறையில் நீங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதியது. "அண்டைக்கு இதைத்தான் தர வந்தனான். நீர்தான் தேத்தண்ணி கேட்டனீர்."

'பக்கம் 3, தீர்மானம் 6. 'நிலைமை சீராகும்வரை' என்பதை நீக்கவும். 'ஆறு மாதம், நீட்டிப்பு இல்லை' என்று சேர்க்கவும். ரத்தினம் கேட்டது சரி.'

அந்தத் திருத்தம் உங்களுக்கு எப்போது தோன்றியது, அண்ணே? சிறைக்குள் போனபின் வந்த புத்தியா? வெளியே இருந்து, ஒலிபெருக்கியும் கையில் இருந்திருந்தால் வந்திருக்குமா? என் தவறால் நாட்டுக்கு ஒரு நல்லவர் கிடைக்காமல் போனாரா, இரண்டாவது காப்பாளர் கிடைக்காமல் போனாரா? இதை யாரிடம் கேட்பது? உங்களை நேசித்தவன் கேட்கக்கூடிய கேள்விதானா இது?

தெருப் பெயரைப் பற்றி அக்காவிடம் கேட்டேன். "வைச்சா வைக்கட்டும். ஆனா முழுசாத் தெரிஞ்சபிறகு வைக்கட்டும். முதல்ல ரத்தினத்திட்டப் போய்ச் சொல்லும்."

முந்தாநாள் சுங்கை ரம்பாய்க்குப் போனேன். ரத்தினம் லோரிக்கு அடியில் படுத்திருந்தார். அங்கிருந்தே, "வாங்க வாத்தியாரே. காச்சல் நல்லாப் போச்சா?" என்றார். பதினொரு வருடம் கழித்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

சொன்னேன். பாதியில் வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "எனக்கு அப்பவே ஒங்க மேலதான் சந்தேகம்," என்றார்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"பெர்மிட்ட வச்சு என்னைய முடிவு பண்ணுன மாதிரி, நானும் சும்மா ஒன்ன வச்சு ஒங்கள முடிவு பண்ணணுமா? சாட்சி இல்ல லா."

துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். கடைசி வரியை இரண்டு முறை படித்தார். கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் கிரீஸ் ஒட்டிக்கொண்டது. பிறகு நான் முறைப்படி அழைப்பு விடுத்தேன். ஐந்தாம் கூட்ட அறிக்கை இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. ஆறாம் கூட்டம் நடந்தால்தான் திருத்தத்தை ஏற்க முடியும். குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்பது நீங்கள் போட்ட விதி. ஏழு பேரில் உயிரோடு இருப்பது சரியாக நான்கு பேர். ரத்தினம் வராமல் கூட்டம் செல்லாது.

"வரேன்," என்றார். "மெடலு கிடலு எனக்கு வேணாம். அறிக்கைய எழுதி முடிச்சதும் காப்பி எடுங்க. எம் மவ கல்யாணத்துக்கு வராதவங்க லிஸ்ட்டு எங்கிட்ட இருக்கு. ஆளுக்கு ஒன்னு அனுப்பிருங்க."

அண்ணே, வரும் சனிக்கிழமை பிற்பகல் கூடுகிறோம், அதே வகுப்பறையில். திருத்தத்தை ரத்தினம் முன்மொழிவார். அன்று நான் விட்டுவிட்ட அவருடைய கேள்வியையும், உங்கள் பதிலையும், எங்கள் சிரிப்பையும் சேர்த்து எழுதுவேன். உறையை மாற்றிய செயலாளரின் பெயர் பதவியோடு வரும். புத்தகத்தைத் திங்கட்கிழமை விருதுக் குழுவிடம் ஒப்படைப்பேன். ரத்தினத்தின் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் காப்பி போகும். முதல் காப்பி என் வீட்டு முகவரிக்கு. வாக்குக் கொடுக்கிறேன்: இந்த முறை உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

ஆறாம் தீர்மானத்தை யோசிக்காமல் வழிமொழிந்த
உங்கள் தம்பி,
குணசீலன்
அலோர் காஜா