கோட்டை வாசலில் சின்னாத்தாள்

ஜூன் 9, 2025, திங்கள்

காலை முழுக்க ஒரு கல்யாண மண்டபத்துக்கான விளம்பரப் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மதியம் பதிப்பகத்திலிருந்து தேஜஸ்ரீ என்ற பெண் கூப்பிட்டாள். கொங்கு நாட்டு மலைக்கோட்டைகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். கோட்டைமலையில் நான் எடுத்த பழைய படம்தான் அட்டைக்கு. கூடவே இப்போதைய நிலையையும் நான்கைந்து எடுத்துத் தர வேண்டும். சரி என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது அந்தச் சரி.

அந்தப் படத்தை நான் எடுக்கவில்லை.

ஜூன் 11

எழுதிவிட்டேன். இனி நோட்டுப் புத்தகத்திடம் மறைக்க என்ன இருக்கிறது?

1999 டிசம்பர். நானும் எழிலும் தாவரவியல் மூன்றாம் வருடம், ஹாஸ்டலில் ஒரே அறை. அவள் ஊர் கோட்டைமலை அடிவாரம். அப்பாவின் கேமராவோடு போயிருந்தேன். எழிலின் அம்மா சின்னாத்தாள் தோட்டத்து வேலைக்கு ஒரு நாள் வரவில்லை என்று சொல்லிவிட்டு, புளிச்சோறு கட்டிக்கொண்டு எங்களோடு மலையேறினார். கோட்டை வாசலில் நான் பார்க்காமல் சப்பாத்திக் கள்ளி மேல் உட்கார்ந்துவிட்டேன். முள் எடுக்கவே அரை மணி நேரம். அந்த அம்மா வாசல் கல்லில் சாய்ந்து சிரித்தார் பாருங்கள் — கண்ணில் தண்ணீர் வரும்வரை. கேமரா அப்போது எழில் கையில்.

ரோலில் நன்றாக வந்தவற்றை ஒரு வாரப் பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினேன், எல்லாம் என் பெயரில். பரிசு அந்தப் படத்துக்கு. 'ஆடு மேய்க்கும் பெண். படம்: லோகப்பிரியா.' படத்தில் ஓர் ஆடுகூடக் கிடையாது.

பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. பரிசைக் காட்டித்தான் முதல் வேலை வாங்கினேன். எழில் பி.எட். போனாள். எங்கள் கடிதப் போக்குவரத்து தானாக நின்றுபோனது. தானாகவா? நான்தானே நிறுத்தினேன்.

ஜூன் 14, சனி

கோட்டைமலைக்குப் போனேன். நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. வாசலின் மேல்கல் விழுந்து கிடக்கிறது. மதிலுக்குள் ஆலமரம் வேர் விட்டிருக்கிறது. காற்று மட்டும் அன்றைக்கு அடித்தது போலவே, காதை அடைக்கிற காற்று.

இருநூறு படம் எடுத்தேன். அன்றைக்கு மொத்தமே முப்பத்தாறு. 'இன்னும் எத்தனை இருக்குது?' என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வோம். ரோலைக் கழுவக் கொடுத்துவிட்டு, கிராஸ்கட் ரோடு ஸ்டூடியோவுக்கு ஒரு வாரம் தினமும் நடந்தோம். என்ன விழுந்திருக்கிறது என்று தெரியாத அந்த ஒரு வாரம் போல் ஒன்று பிறகு வாய்க்கவில்லை.

இறங்கி வந்து டீக்கடை ராசப்பனிடம் சின்னாத்தாளை விசாரித்தேன். "அவங்க போயி எட்டு வருசமாச்சுங்க. மக வால்பாறைல டீச்சருங்க" என்றார்.

ஜூன் 15

தேஜஸ்ரீ இரண்டு முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

வால்பாறை. ஆழியாறு தாண்டியதிலிருந்து மழை. ஒவ்வொரு வளைவிலும், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் யோசனை.

எழில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். தலை நரைத்திருக்கிறது, பல்வரிசை அப்படியே. உட்காரச் சொல்லி டீ வைத்தாள். டீ ஆறும்வரை காத்திருக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"தெரியுமுங்க. அப்பவே பொள்ளாச்சி பஸ் ஸ்டேண்டுல அந்தப் புஸ்தகத்த வாங்கினேன். நீங்க எழுதுவீங்கன்னு ஒரு வருசம் பாத்தேன்."

தப்பு என்னுடையது, பெயரை மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

"எம் பேரப் போட்டா அம்மா பேரையும் போடோணும். ஆடு மேய்க்கறவங்கன்னு போட்டாங்கல்ல, அதுதான் எனக்கு ஆறவே இல்ல. எங்கம்மா ஆடே வெச்சிருந்ததில்லீங்க." பிறகு, நெகட்டிவ் இருக்கிறதா என்று கேட்டாள். பத்திரிகைத் தாள் மழையில் நனைந்து போய்விட்டதாம். "அம்மா சிரிச்ச படம் எங்ககிட்ட வேற இல்ல."

என் பீரோவில் இருபத்தைந்து வருடமாகப் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. பஸ் வரும்வரை குடை பிடித்துக்கொண்டு கூட நின்றாள்.

ஜூன் 23

தேஜஸ்ரீயிடம் சொன்னேன். "இத ஏன் மேடம் இப்பச் சொல்றீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. மாலையில் மறுபடி கூப்பிட்டாள்: அட்டைக்கு வேறு படம். இது உள்ளே வரும், சரியான பெயரோடு, நான் எழுதித் தரும் ஒரு குறிப்போடு.

நான்கு வரிக் குறிப்பை ஒன்பது முறை எழுதினேன்.

செப்டம்பர் 2

புத்தகம் வந்தது. பக்கம் 64. 'கோட்டை வாசலில் சின்னாத்தாள், 1999. படம்: எழில்.' கீழே என் குறிப்பு.

வருடா வருடம் என்னைப் புகைப்படப் பயிற்சிப் பட்டறைக்குக் கூப்பிடுகிறவர்கள், இந்த வருடம் வேண்டாம் என்றுவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் வலிக்கிறது. வலிக்காத மாதிரி இங்கேயும் எதற்கு நடிப்பது?

நெகட்டிவையும் பெரிய பிரிண்ட் ஒன்றையும் வால்பாறைக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

சின்னாத்தாளின் நினைவு நாள். எழில் போன வாரம் கூப்பிட்டு, காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தாள். கோட்டைமலை அடிவாரத்தில் அவள் தம்பி வேலுமணி வீட்டில் பிரிண்டைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா எதற்காக இப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டார்கள். கள்ளிக் கதையை நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று முறை.

சாப்பிட்டதும், அம்மா சாய்ந்து சிரித்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று வேலுமணி கிளம்ப, பன்னிரண்டு பேர் மலையேறினோம். எந்தக் கல் என்பதில் எனக்கும் எழிலுக்கும் ஒத்துவரவில்லை. நான் இடது பக்கம் என்றேன், அவள் வலது. கடைசியில் குடும்பமே வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. வழக்கம்போல நான் விலகி, படம் எடுக்கத் தோதான இடத்துக்குப் போனேன்.

எழில் தன் போனை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் வந்துவிட்டாள். "நீங்களும் போயி நில்லுங்க."

வேலுமணி நகர்ந்து இடம் விட்டார். எதிரே நல்ல வெயில். கண்ணை மூடாதீங்க என்றாள் எழில்.