தானாக மடங்கும் முக்காலியும் அதைப் புரிந்துகொண்ட மனுஷனும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கை நலம், வலது கை மாவுக்கட்டில். அங்கே உன் உடம்பு நலமா என்று அறிய ஆவல், உன் புத்தி நலமா என்று அறிய அதைவிட ஆவல். பேனா பிடிக்க முடியாததால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள். நடுநடுவே தன் சரக்கையும் சேர்ப்பாள், அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் அவள் வாய்க்கொழுப்பு என்று எடுத்துக்கொள். (அண்ணா, அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பது அம்மாவின் வாய்க்கொழுப்பு. அது எந்தக் குறிக்குள்ளும் அடங்கவில்லை.)

கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாய். நீ கண்டுபிடித்து அனுப்பிய முக்காலி வந்து சேர்ந்தது, அதுதான் ஆயிற்று. உட்கார்ந்தவர் எழுந்ததும் தானாக மடங்கிக்கொள்ளும், வாடகைக்குப் போன நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வண்டியில் ஏற்றுகிற வேலை உனக்கு மிச்சம் என்று சொன்னாயே, அதை நம்பிக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கீழே விழுந்த ரசீதை எடுக்கக் கொஞ்சம் குனிந்தேன். நான் எழுந்துவிட்டேன் என்று உன் முக்காலி முடிவு செய்துவிட்டது. மனுஷன் உட்கார்ந்த இடத்தில் பிடித்துவைத்த மாதிரி இருப்பான் என்று உனக்கு யார் சொன்னது? கால்மேல் கால் போடுவான், பக்கத்து ஆளிடம் வம்பு பேசச் சாய்வான், ஒரு பக்கமாகத் தூக்கிச் சொறிந்துகொள்வான். நாற்காலி வாடகைக் கடையிலேயே தவழ்ந்து வளர்ந்தவனுக்கு இது தெரியவில்லை. உன்னைத் தவிர யாரையாவது அதில் உட்காரவைத்துப் பார்த்தாயா என்று கேட்டால் நேரமில்லை என்பாய். எனக்கு இப்போது நிறைய நேரமிருக்கிறது, கட்டுப் பிரிக்கிறவரைக்கும். (முக்காலி மடங்கியதைவிட அம்மா மடங்கியதுதான் வேகம். அந்த வேகத்துக்கு நீ தனியாகக் காப்புரிமை வாங்கலாம்.)

உன் மாமா பார்க்க வந்தார். மாப்பிள்ளை மூளையே மூளை, இது உலகத்தையே உட்காரவைக்கும் என்று நின்றுகொண்டே புகழ்ந்தார். சரி, ஒன்று வாங்கிக்கொள் என்றேன், உடனே அவருக்கு எங்கேயோ போகவேண்டிய வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், சொந்தக்காரர் புகழ்வதைக் கணக்கில் சேர்க்காதே, அது ஓசி. உன் முகத்துக்காகப் பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத ஆளிடம் கொண்டுபோய்க் காட்டு. எதிர்வரிசையில் முடிவெட்டுகிறவர் இல்லையா, அவரிடம் காட்டினேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார், "இது எதுக்குங்க மடங்கணும்?" மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரியுமா? யாருக்கு இது இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லமுடியாவிட்டால், நீ செய்திருப்பது பொருள் இல்லை, பொழுதுபோக்கு.

இன்னொரு கூத்து. முக்காலியின் ஸ்பிரிங், கீல், உள்ளே என்ன எங்கே என்று எல்லாவற்றையும் கழற்றிக் காட்டி வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாய். உன் தங்கை காட்டினாள். நம் கடைக்கு மாடியில் இருக்கிற வக்கீலம்மாவிடம் கேட்டேன், அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஊருக்கெல்லாம் காட்டிவிட்டால் பல இடத்தில் காப்புரிமையே கிடைக்காதாம், சில இடத்தில் கொஞ்ச நாள் சலுகை உண்டாம், அதை நம்பி இருக்கக்கூடாதாம். பூட்டும் செய்து அதற்குச் சாவியும் செய்து ஆளுக்கொன்று விநியோகித்திருக்கிறாய், தாராள மனசுதான். வீடியோவை இன்றைக்கே அழித்துவிடு. அடுத்த தடவை முதலில் விண்ணப்பம், பிறகு விளம்பரம். நடுவில் பட்டறைக்காரருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்றால் வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு காட்டு. அதற்கெல்லாம் முன்னால், இது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடு. இவள் பல் தேய்த்துக்கொண்டே போனில் தேடினாள், வாய் கொப்பளிப்பதற்குள் மூன்று முக்காலி வந்தது. அதில் ஒன்று காலால் மிதித்தால் மட்டும் மடங்குகிறது. அதைச் செய்தவன் தன் அம்மாவை முதலில் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறான் போல. (உன்னுடையதில் இல்லாத ஒரு வசதியும் அதில் இருந்தது அண்ணா. அதை ஆட்கள் வாங்குகிறார்கள்.)

இப்போது நான் கடிதம் எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை வேலையை விட்டுவிட்டு, உன் முக்காலியை நாடு நாடாக விற்றுத் தருகிறேன் என்கிற அந்தக் கம்பெனியில் சேமிப்பையெல்லாம் முன்பணமாகக் கட்டிக் கையெழுத்துப் போடப்போவதாகப் போனில் சொன்னாய். அங்கே ஒரு ஆலோசகர் இருக்கிறாராம், நீ காலத்துக்கு முன்னாடி பிறந்தவன் என்றாராம். "அம்மா, முதல் தடவையா ஒருத்தர் என்னைப் புரிஞ்சுக்கிட்டார்" என்றாய், குரல் வேறு தழுதழுத்தது. பெற்றவளிடம் சொல்கிற பேச்சா இது, போகட்டும். உன்னை அவ்வளவு புரிந்துகொண்ட மனுஷனை நாங்களும் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம் என்று பார்த்தோம். உன் தங்கை ஒரு குடையைக் கண்டுபிடித்தாள். நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை. மழை விட்டுவிட்டதா இல்லையா என்று குடையை மடக்காமலே தெரிந்துகொள்ளலாமாம். படம் போட்டு என் பெயரில் அந்தக் கம்பெனிக்கு அனுப்பினாள். (ஓட்டைதான் கண்டுபிடிப்பு, குடை வெறும் ஓரம் என்று விளக்கமும் எழுதினேன்.)

மறுநாளே உன் ஆலோசகர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இவள்தான் கிழவிக் குரலில் பேசினாள். நிபுணர் குழு ஒருமனதாகப் பாராட்டியதாம், நான் காலத்துக்கு முன்னாடி பிறந்தவளாம், வார்த்தை பிசகாமல் உனக்குச் சொன்னதேதான். ஓட்டை வழியாக நனையுமே என்று இவள் கேட்டாள். அவர் அசரவில்லை, அதை விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம், முன்பணம் என்றைக்குக் கட்டுகிறீர்கள் என்றார். இதுவரைக்கும் எத்தனை பொருளைக் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள், உங்களுக்குக் கட்டியதைவிட அதிகமாகச் சம்பாதித்தவர் எத்தனை பேர், அவர்களில் ஒருவரிடம் பேசலாமா என்று வக்கீலம்மா எழுதிக்கொடுத்த கேள்விகளைக் கேட்டாள். எல்லாம் ரகசியமாம். உன் கீலைத் தவிர உலகத்தில் எல்லாமே ரகசியம்தான். அதன்பிறகு இந்தப் பாவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உன் குரலிலேயே தழுதழுத்து, முதல் தடவையாக ஒருத்தர் என்னைப் புரிந்துகொண்டார் சார் என்றாள். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன். "எல்லாரும் இதையேதாம்மா சொல்றாங்க."

நான் அதோடு விட்டிருப்பேன். ஆனால் மனசு கேட்கவில்லை, உன் விஷயத்திலாவது உண்மையாக ஏதாவது இருக்காதா என்று தோன்றியது. போனை வாங்கி, எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் மடங்குகிற முக்காலி ஒன்று உங்களிடம் கொடுத்திருக்கிறானே, அது எப்படி என்று கேட்டேன். முக்காலியா என்றார். உன் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. நீ இருக்கிற ஊரைச் சொன்னேன், தெரியவில்லை. காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் சந்தோஷமாக, "ஓ, அந்த வெள்ளிக்கிழமை பார்ட்டியா" என்றார். அங்கே உனக்கு அதுதான் பெயர்.

உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதச் சொன்னேன், வலிக்கட்டும். வேலையை விடாதே. முக்காலியைச் செய்யாதே என்று நான் சொல்லவில்லை, சம்பளத்தில் சாப்பிட்டுவிட்டு மிச்ச நேரத்தில் செய் என்கிறேன். முடியாது, விட்டுவிட்டுத்தான் வருவேன் என்றால் உன் அறையில் நாற்காலி அடுக்கியாயிற்று, வாசலில் நின்று பேசிவிட்டுப் போகலாம். நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, புகழ்கிறவன் முன்னால் பேனாவைத் திறக்காதே. நீண்ட ஆயுளும் நிறைய சந்தேகமும் உனக்குக் கிடைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் கூப்பிடுவேன், உன் செல்லுக்கு இல்லை, உன் ஆபீஸ் மேஜையில் இருக்கிற போனுக்கு. நீதான் எடுக்கவேண்டும்.

இப்படிக்கு,
அம்மா

(எழுத்துப் பிழை இருந்தால் என்னுடையது. மற்ற பிழையெல்லாம் உன்னுடையது. தங்கை.)