பளைக்கு அனுப்பாத கொப்பி

தங்கச்சி,

உம்முடைய அம்மாவின் கடிதம் வந்த நேரம் வீட்டில் இருந்தவர்கள் நான், இவர், எங்கள் மூத்தவள், கடிதத்தைக் கொண்டுவந்து தந்த சங்கக்கடை மனேச்சர். வேறு ஒருவரும் இல்லை. மனேச்சர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகுதான் உறையைக் கிழித்தேன். கோடு போட்ட ஒற்றைத் தாளில் அம்மா எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தா. உம்முடைய பெட்டி பல்கலைக்கழகத்திலிருந்து பளைக்கு, உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாம். உள்ளே எல்லாம் இங்கிலீசுப் புத்தகமும் மண்ணைப் பற்றிய குறிப்புகளும்தானாம். "எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. அவள் உங்கடை வீட்டிலை ஒரு வருசம் இருந்தவள். ஏதும் விட்டிட்டுப் போயிருந்தால் அனுப்பிவிடுங்கோ" என்று முடித்திருந்தா.

அலுமாரியைத் திறந்து நீர் தந்துவிட்டுப் போன அந்தக் கொப்பியை எடுத்தேன். கோதுமைமாப் பசையின் புளித்த மணம் இன்னும் போகவில்லை.

பட்டம் முடித்த பிள்ளை, மேற்படிப்புக்காக விசுவமடு வயல்களின் மண்ணையும் வாய்க்கால் தண்ணீரையும் ஆராய வருகிறா, எங்கள் வீட்டில்தான் தங்கப்போகிறா என்று இவர் சொன்னபோது நான் பயந்துதான் போனேன். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சத்தைத் தேவாரப் புத்தகத்திலும் சாமான் சுற்றிவந்த கடதாசியிலும் பொறுக்கிக்கொண்டவள். அப்படிப் படித்த ஒருத்தியோடு என்ன கதைப்பது?

நீர் காலையில் பிட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, பால்மாத் தகரங்களோடு வயலுக்கு இறங்குவீர். ஒவ்வொரு வயலிலும் ஒரு தகரம் மண். பின்விறாந்தையில் அவை பெயர் ஒட்டி வரிசையாக இருக்கும். இண்டைக்கு மண்ணை அள்ளுறா, நாளைக்குக் காணி உறுதியோடை வந்து வயலையும் அள்ளுவா என்று பக்கத்து வளவுக்காரர் பகிடி பண்ணுவார். மத்தியானம் சாப்பிட்டதும் களைப்பு என்று சொல்லாமல் சங்கக்கடைக்கு நடப்பீர். அங்கே பேப்பர் வரும். ஆராய்ச்சிக்கு உலக நடப்பும் தெரியவேண்டும் போலிருக்கிறது என்று நான் மரியாதையாக நினைத்திருந்தேன்.

ஒருநாள் நல்ல மழை. நீர் தெப்பமாக நனைந்து வந்தீர். குடையைப் பேப்பருக்குப் பிடித்திருந்தீர். கையிலிருந்த மண் தகரத்துக்குள் தண்ணீர் நின்றது. பேப்பரில் ஒரு துளி இல்லை. அன்றைக்குத்தான் பிடிபட்டீர். நீர் தேடிப்போனது உலக நடப்பையல்ல, நாலாம் பக்கத்தில் நாளுக்கு மூன்று கட்டமாக வரும் படக்கதையை. யாருமில்லாத தீவில் விழுந்த ஒரு விமானி, தன் கூட்டாளிகளைத் தேடி அலைகிற கதை. ஒரு நாளும் தவறாமல் வெட்டி, ஆறு நாள் துண்டை ஒரு பக்கத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தீர்.

"அக்கா, அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ. இவ்வளவு படிச்சும் சின்னப்பிள்ளையள் மாதிரிப் படம் பாக்கிறன் எண்டு தெரிஞ்சால், படிச்சது காணும், வீட்டை வா எண்டு கூட்டிக்கொண்டு போயிடுவா" என்றீர். நான் ஓம் என்றேன்.

அடுத்த நாளே எனக்கும் பார்க்கவேண்டும் போலிருந்தது. நீர் வயலுக்குப் போன நேரம் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்புப் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக் கணக்குக் கொப்பியில் நெல் ஒரு நிரல், பால் ஒரு நிரல், விரத நாள் ஒரு நிரல் என்று மேலிருந்து கீழே பார்த்துப் பழகிய கண் எனக்கு. இதையும் அப்படியே வாசித்தேன். முதல் நிரலில் ஆறு கட்டத்திலும் ஆபத்தில் நிற்கிறான். நடு நிரலில் ஆறு தரமும் தப்புகிறான். மூன்றாவதில் பழையபடி ஆறு ஆபத்து. நீர் வந்ததும், இந்த மனிசனுக்குச் சனி தொடங்கி, இடையிலே கொஞ்சம் விலகி, திரும்பப் பிடிச்சிருக்கு, ஆரும் சாதகம் பாத்தவையோ என்று கேட்டேன்.

நீர் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தீர். கண்ணைத் துடைத்துவிட்டு, இடமிருந்து வலமாக விரலை ஓட்டிக் காட்டினீர். பிறகு பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில், "அக்காவின் வாசிப்பில் இது சனி தசை" என்று எழுதினீர். எனக்குக் கொஞ்சம் வெட்கம். ஆனாலும் அன்று தொடக்கம் பசை கிண்டுவது என் வேலையாயிற்று.

கந்தசஷ்டி ஆறு நாளும் கொப்பியைத் தொடுவதில்லை என்று நேர்ந்தேன். நாலாம் நாள் கோயில் வீதியைச் சுற்றும்போது, முதலை அவனைப் பிடித்ததோ இல்லையோ என்ற எண்ணம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உம்மிடம் அழாக்குறையாகச் சொன்னேன். "முருகனுக்கு முன்னாலை நினைச்சுப்போட்டியள். இனி அவருக்கும் முடிவு தெரியவேணுமெல்லோ" என்றீர். அது பாவமா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் பாரணை முடிந்த கையோடு இருவரும் ஆறு நாள் பேப்பரையும் ஒன்றாக வாசித்தோம்.

ஆராய்ச்சியை எழுதி முடிக்கவென்று நீர் திரும்பிப் போகும்போது, போகிற வழியில் பளையில் அம்மாவிடம் இறங்கவேண்டும் என்பதால் கொப்பியை என்னிடம் தந்தீர். நான் வரும்வரைக்கும் வெட்டி ஒட்டுங்கோ, குறுக்கை வாசிச்சு ஒட்டுங்கோ என்று பஸ்ஸுக்குள் இருந்து சொன்னீர். ஒட்டினேன். காய்ச்சலென்று உம்மை ஆஸ்பத்திரியில் வைத்திருந்த கிழமையும் ஒட்டினேன். நீர் இல்லையென்ற செய்தி வந்த அன்று மட்டும் முடியவில்லை. மறுநாள் இவர் சங்கக்கடைக்குப் போய் இரண்டு பேப்பரையும் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார்.

உம்முடைய அந்தியேட்டிக் கிரியை கழிந்து ஒன்பதாம் நாள் படக்கதை முடிந்தது. நீர் அறியவேண்டும், ஆகையால் சொல்கிறேன். விமானி தன் கூட்டாளிகளைக் கண்டுபிடித்துவிட்டான். ஒருவனும் சாகவில்லை. நீர் நினைத்ததுபோல அந்த மீசைக்காரன் கள்ளனுமில்லை.

இப்போது அம்மா கேட்கிறா. இரண்டு நாளாக நான் நித்திரையில்லாமல் யோசித்தேன். ஒன்றுமில்லை என்று எழுதினால், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பொய் சொன்னவளாவேன். அனுப்பினால் உமக்குத் தந்த வாக்கு என்னாவது? இவர் வேறு பயமுறுத்தினார். "படிக்க வந்த பிள்ளையைப் படக்கதை காட்டிக் கெடுத்தது நாங்களெண்டு அவா நினைப்பா. பேசாமல் விடு."

மூத்தவள் தலை பின்னிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"அந்த ஆச்சிக்கு இங்கிலீசு தெரியாதெண்டுதானே எழுதியிருக்கிறா. இது தமிழ்."

எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பெட்டி நிறைய உம்முடைய எழுத்து கிடக்கிறது, அம்மாவால் அதில் ஒரு வரிகூட வாசிக்கமுடியாது. உம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடுவா என்றுதானே மறைக்கச் சொன்னீர். இனி எங்கே கூட்டிப்போக? வாக்குத் தப்பிவிட்டேன் தங்கச்சி. கோயிலில் சொல்லிவிட்டேன், உமக்கும் சொல்கிறேன். கொப்பியை என் கையிலிருந்து விடுவது எனக்குச் சுலபமில்லை என்பதையும் மறைக்கவில்லை. இன்று காலைத் தபாலில் போட்டது இதுதான்:

"அம்மா, உங்கடை மகள் என்னட்டை ஒரு கொப்பி தந்து வைச்சவள். படிப்புக் கொப்பியில்லை, படக்கதைக் கொப்பி. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு கேட்டவள், நானும் ஓமெண்டனான். அவள் அதைப் பாத்துச் சிரிச்ச சிரிப்பை நீங்கள் அறியவேணும். தபாலிலை விட எனக்கு மனம் வரேல்லை. ஒருக்கா வந்து எங்களோடை நாலு நாள் நில்லுங்கோ. இரண்டுபேருமாய் இருந்து வாசிப்பம். வாசிச்சு முடிய நீங்களே கொண்டுபோங்கோ. எந்த பஸ்ஸிலை வாறியளெண்டு சுணங்காமல் பதில் போடுங்கோ."