பிரேக் எந்தப் பக்கம்?

மாணவியர் விடுதி,
14 ஜூன் 1958

அன்புள்ள டென் அண்ணாவுக்கு,

உன் சிறிய உளியைத் தேடி வீட்டைக் குடையாதே. அது என்னிடம் இருக்கிறது. விடுமுறை முடிந்து கிளம்பிய அன்று உன் பெட்டியிலிருந்து எடுத்து, என் குளிர்காலக் காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தேன். சிறிய ரம்பத்தையும்தான். திட்டுவதாக இருந்தால் கடைசி வரி வரை படித்துவிட்டுத் திட்டு.

ஊரின் நூற்றாண்டு விழாக் கண்காட்சி செப்டம்பர் ஆறாம் தேதி நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கம்பளிப் பொதி ஏற்றிக் குதிரைகள் இழுத்த வண்டியை மரத்தில் செய்ய வேண்டும். நிஜ வண்டியின் ஓர் அடிக்கு மாதிரியில் ஓர் அங்குலம். பரிசு, மூடி போட்ட ஒரு பெட்டி நிறையத் தச்சுக் கருவிகள். ஜெயித்த வண்டி நகர மன்றத்துக் கண்ணாடிப் பேழையில் நிற்கும். அறிவிப்பில் "பதினைந்து வயதுக்கு உட்பட்டோர்" என்று இருக்கிறது. "பையன்கள்" என்று இல்லை. நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

'எம். குயின்ட்ரெல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மோர்வென்னா என்ற பெயரை யாரும் கேட்கவில்லை.

அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். போன கிறிஸ்துமஸில் என் கட்டைவிரல் பிளந்து, லாரியில் தொண்ணூறு மைல் டாக்டரிடம் கொண்டுபோனாரே, அன்றுதான். திரும்பி வரும்போது சொன்னார்: "இன்னொரு தடவ உன் கையில உளியப் பாத்தேன், படிப்பும் வேணாம் விடுதியும் வேணாம். வீட்ல அம்மா கூட அடுப்படியில நில்லு. பத்து விரலோடயாவது இருப்ப." எங்கள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் கார்மடிக்கும் அப்படியே எழுதிவிட்டார். அதனால் மாட்டினால் அன்றோடு என் படிப்பு முடிந்தது. எனக்குப் பள்ளியும் வேண்டும், வண்டியும் வேண்டும்.

போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன். மிஸ் கார்மடியின் செருப்புச் சத்தம் வந்தால் நிறுத்திவிடுவேன். கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

படித்ததும் இதை அடுப்பில் போடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை,
வெ.

---

வில்காமுனை,
23 ஜூன் 1958

கட்டைவிரல் ராணிக்கு,

திருட்டுக் கழுதையே! அந்த உளியைத் தேடி இரண்டு நாள் நாய்க்கூண்டுக்குள் எல்லாம் கை விட்டேன். நாய் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

நீ பயப்படுவது சரிதான். அப்பா அந்தப் பேச்சை மாற்றவில்லை. போன ஞாயிறு ஆட்டுக்கறி வெட்டும்போது அம்மாவின் கத்தி கொஞ்சம் வழுக்கியது. அப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இவ்வளவு பெரிய மனுஷர், கம்பளிப் பொதியைத் தனியாளாகப் புரட்டுகிறவர், சொட்டு ரத்தத்துக்கு வெளுத்துப்போகிறார்.

இருந்தாலும் செய். சக்கரத்துக்கு இரும்புப் பட்டை எங்கே கிடைக்கும் என்று யோசித்திருக்க மாட்டாய். பழைய பீப்பாய் வளையத்தை மெல்லிசாக வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தறையடித்து, நாலு வளையம் அனுப்புகிறேன். வேண்டுமென்றே மயிரிழை அளவு சிறிதாகச் செய்திருக்கிறேன். பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீரில் முக்கு. சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். பொட்டலத்தின் மேல் 'பிஸ்கட்' என்று எழுதியிருக்கிறேன். யாருக்காவது கொடுத்துத் தொலைக்காதே.

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். இந்த ஜூன் குளிருக்கு இதமாக இருந்தது.

உளியை இழந்த உன் அண்ணன்,
டென்

---

மாணவியர் விடுதி,
12 ஜூலை 1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிஸ்கட் வந்து சேர்ந்தது. கனமான பிஸ்கட் என்று தபால்காரர் சொன்னாராம்.

சனிக்கிழமை மதியம் எல்லாரும் பந்து விளையாடப் போகும்போது நான் சலவை அறையில் இருப்பேன். தையல் வகுப்பில் கெடுத்த துணியை அங்கே உட்கார்ந்து பிரித்துத் தைக்க வேண்டும் என்பது எனக்குத் தண்டனை. ஆண்களின் சட்டை ஒன்றுக்குப் பொத்தான்களை இடப்பக்கம் தைத்துவிட்டேன். மிஸ் கார்மடி அதை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். "பாருங்கடி பிள்ளைங்களா, குயின்ட்ரெல்லுக்கு வரப்போற புருஷன் பாவாடையும் கட்டிப்பான் போல! ஆம்பளைக்குப் பட்டன் வலப்பக்கம். நமக்கு இடப்பக்கம். நூறு தடவ பிரிச்சாவது படி." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் சலவை அறையில் அடுப்பு இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சனிக்கிழமை முழுவதும் ஆள் வராது. இன்னும் நாலு சட்டையைக் கெடுக்கலாமா என்று பார்க்கிறேன்.

முன் சக்கரத்துக்குப் பன்னிரண்டு ஆரக்கால், பின் சக்கரத்துக்குப் பதினான்கு. மொத்தம் ஐம்பத்திரண்டு. பழைய வேலிக்கம்பத்துக் கட்டையில் சக்கரத்தின் நடுக் குடங்களைக் குடைந்தேன். முதல் பட்டையை அதிகமாகக் காய்ச்சிவிட்டேன். சக்கரத்தின் மர விளிம்பு கருகி, சலவை அறை முழுக்கப் புகை. "இஸ்திரி தீஞ்சுபோச்சு மிஸ்" என்று பொய் சொன்னேன். அதற்கும் ஒரு திட்டு.

இரண்டாவதை நீ பார்த்திருக்க வேண்டும், அண்ணா! சிவந்த வளையம் தண்ணீரில் இறங்கியதும் சீறியது. பிறகு 'நறுக்' என்று ஒரு சத்தம். எல்லா ஆரக்காலும் ஒன்றாகப் பல்லைக் கடித்துக்கொண்டது போல. அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. நான் அங்கேயே, ஈரத் துணிகளுக்கு நடுவில், சத்தம் போடாமல் குதித்தேன்.

சக்கரங்கள் என் தொப்பிப் பெட்டியில் தூங்குகின்றன. வண்டியின் மேல்தட்டு அழுக்குத் துணிக்கூடைக்கு அடியில்.

இதையும் எரித்துவிடு.

வெ.

---

மாணவியர் விடுதி,
16 ஆகஸ்ட் 1958

அண்ணா,

இன்று எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. மிஸ் கார்மடியைப் பற்றிய பயம் இல்லை.

வண்டி முடிந்துவிட்டது. விழா மலரில் இருக்கும் புகைப்படத்தைப் பார்த்துத்தான் எல்லாரும் செய்கிறோம். அந்த வண்டிக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு படம்தான் என்கிறார்கள். பொதிகள் ஏற்றிய வண்டி, பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர் பிரேக் பிடியில் கை வைத்து நிற்கிறார். வண்டியின் வலப்பக்கத்தில். நானும் வலப்பக்கத்தில்தான் பிரேக்கை வைத்தேன். நாலு நாள் வேலை அது.

இன்று மதியம் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே எதிரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்தேன். தாடிக்காரரின் மேலங்கியில் பொத்தான்கள் அவருடைய இடப்பக்கம் இருக்கின்றன. பெண்களுக்கு இருப்பது போல.

முதலில் சிரிப்பு வந்தது. எனக்கு வரப்போகும் புருஷன் இவர்தானோ என்று. பிறகு ஊசி கையிலேயே நின்றுவிட்டது. அண்ணா, அவர் பொத்தான் சரியாகத்தான் இருந்திருக்கும். படம்தான் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது. அப்படியென்றால் அவர் நின்றது வண்டியின் இடப்பக்கம். பிரேக்கும் இடப்பக்கம்.

எல்லாப் பையன்களும் வலப்பக்கம்தான் வைத்திருக்கிறார்கள். மளிகைக்கடை நெவில் தன் வண்டியைப் பள்ளிக்கே கொண்டுவந்து காட்டினான். நடுவரும் படத்தைத்தானே பார்ப்பார்? நான் மாற்றினால் தப்பு என்று தள்ளிவிடுவார். மாற்றாவிட்டால் நானே தெரிந்து தப்பாகச் செய்தவள் ஆவேன். நீ என்ன சொல்கிறாய்? சீக்கிரம் எழுது. எரித்துவிடு.

வெ.

---

வில்காமுனை,
23 ஆகஸ்ட் 1958

வென்னாக்குட்டி,

கடிதம் படித்ததும் என் சட்டையையும், மாட்டியிருந்த அப்பாவின் கோட்டையும், சோளக்கொல்லை பொம்மைக்குப் போட்டிருந்த பழைய மேலங்கியையும் பார்த்தேன். எல்லாம் வலப்பக்கம். பொம்மைகூட ஆம்பளையாகத்தான் இருக்கிறது.

என்றாலும் படத்தில் இருக்கிறபடியே விட்டுவிடு என்றுதான் எழுத நினைத்தேன். ஜெயிக்கிற வழியைப் பார். நடுவர் என்ன பொத்தானையா எண்ணப் போகிறார்?

ஆனால் நேற்று லாரியில் போகும்போது அப்பாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். "ஏம்ப்பா, அந்தக் காலத்துல குதிரை வண்டிக்காரங்க எந்தப் பக்கம் நடப்பாங்க?"

"இடப்பக்கம். வேற எந்தப் பக்கம் நடப்பான் மனுஷன்? குதிரைய அப்படித்தான் பழக்கியிருப்பாங்க."

"பிரேக்கு?"

"கைக்கு எட்ற பக்கம்தான்டா இருக்கும். வண்டியச் சுத்தி ஓடியா பிடிப்பான்? உனக்கு எதுக்கு இதெல்லாம்?"

"சும்மாத்தான்" என்றேன். அவர் என்னை ஒரு மைல் தூரம் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

இனி உன் இஷ்டம். இன்னொன்று. கண்காட்சி அன்று கம்பளி இறக்க அப்பா அங்கே வருகிறார். நான் வர முடியாது, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வேலை. வண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கூட்டத்தில் ஒளிந்துகொள். வாயைத் திறக்காதே. உனக்கு அதுதான் கஷ்டம் என்று தெரியும்.

எரித்தாயிற்று.

டென்

---

மாணவியர் விடுதி,
30 ஆகஸ்ட் 1958

அண்ணா,

பிரேக்கைப் பிடுங்கிவிட்டேன். ஓட்டைகளை அடைத்து, தேய்த்து, இடப்பக்கத்தில் புதிதாக வைத்தேன். விரல் நன்றாக இருக்கிறது. சர்க்கரைச் சாக்கை வெட்டிப் பதினெட்டுக் கம்பளிப் பொதி தைத்து ஏற்றியிருக்கிறேன். தையல் எல்லாம் மிஸ் கார்மடியே குறை சொல்ல முடியாத தையல்.

வாயைத் திறக்க மாட்டேன். எரி.

வெ.

---

மாணவியர் விடுதி,
7 செப்டம்பர் 1958, ஞாயிறு, பகல்

என் அன்பான அண்ணாவுக்கு,

வாயைத் திறந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீண்ட மேசையில் ஆறு வண்டிகள். மேலே சுவரில் அந்தப் புகைப்படத்தைக் கதவு அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ஐந்து வண்டிக்குப் பிரேக் வலப்பக்கம். என்னுடையதற்கு மட்டும் இடப்பக்கம். நான் ஊறுகாய் ஜாடிகள் வைத்த மேசைக்குப் பின்னால், மிஸ் கார்மடியும் மற்ற பெண்களும் நிற்கும் கூட்டத்தில் பதுங்கியிருந்தேன். அப்பா வாசல் பக்கம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடுவர் ஹோம்வுட், இரும்புப் பட்டறைக்காரர். என் வண்டியின் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது. "யாருய்யா இந்தப் பட்டையப் போட்டது? சூடு போட்டு ஏத்தியிருக்கான்!" என்றார். பிறகு படத்தை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி வண்டியைப் பார்த்தார். "அடப்பாவி... இவ்வளவு செஞ்சவன் பிரேக்க மாத்தி வச்சுட்டானே."

நெவில் உரக்கச் சொன்னான்: "அவனுக்குப் படத்தப் பாக்கவே தெரியல சார்! கண்ணாடியில பாத்துச் செஞ்சிருப்பான்!" எல்லாரும் சிரித்தார்கள். ஹோம்வுட் என் பெயர்ச் சீட்டை எடுத்துக் கடைசி இடத்தில் வைத்தார்.

அண்ணா, நான் அப்பாவைப் பார்த்தேன். பள்ளியை நினைத்தேன். இதோடு முடிந்தது என்று தெரியும். ஆனாலும் கால் தானாக நடந்தது.

"படம்தான் சார் மாறியிருக்கு" என்றேன்.

"நீ யாரும்மா?"

"எம். குயின்ட்ரெல். வண்டி என்னோடது."

ஊறுகாய் மேசைப் பக்கம் யாரோ மூச்சை இழுத்தார்கள். மிஸ் கார்மடியாகத்தான் இருக்கும். நெவில், "பொண்ணா!" என்றான், பாம்பைப் பார்த்தவன் போல.

நான் நிறுத்தவில்லை. "அந்தத் தாடிக்காரரோட பட்டனப் பாருங்க சார். இடப்பக்கம் இருக்கு. ஆம்பளைங்களுக்கு வலப்பக்கம்தானே இருக்கணும்? உங்க மேலங்கியப் பாருங்க."

அதன் பிறகு நடந்ததை நீ பார்க்காமல் போனாயே! ஹோம்வுட் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் மேயர் குனிந்தார். நெவிலின் அப்பா குனிந்தார். அந்தக் கூடத்தில் இருந்த ஆம்பளைகள் அத்தனை பேரும், ஏதோ ஜெபம் சொல்வது போல, தலையைக் குனிந்து தங்கள் பொத்தானைப் பார்த்தார்கள். பிறகு அத்தனை தலையும் ஒன்றாக நிமிர்ந்து படத்தைப் பார்த்தது.

வாசல் பக்கமிருந்து அப்பாவின் குரல் வந்தது. "வண்டி ஓட்டுன எங்க தாத்தா இடப்பக்கம்தான்யா நடப்பாரு. என் பொண்ணு சொல்றது சரி."

ஹோம்வுட் என் சீட்டை எடுத்தார். மேசையின் முதல் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். "ஊரே நூறு வருஷக் கொண்டாட்டத்துல படத்த இடவலமா மாத்திப் பாத்துட்டு நின்னிருக்கோம்" என்றார். கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மிஸ் கார்மடி என்னிடம் வந்து, "சலவை அறையில இஸ்திரி தீயலைன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அப்புறம் பக்கத்திலிருந்தவர்களிடம், "பட்டன் பாடம் நான் சொல்லிக் கொடுத்தது" என்றார். இருக்கட்டும், உண்மைதானே.

கூட்டம் குறைந்த பிறகு அப்பா வந்தார். என் இடக்கையைப் பிடித்து, கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலாக எண்ணினார்.

"பத்து இருக்குப்பா."

"தெரியுது." கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "போன வாரம் டயர் மாத்த ஜாக்கி எடுக்கறேன், லாரி சீட்டுக்கு அடியில கட்டா உன் கடுதாசி. எரிக்கச் சொன்னா எரிக்கிற பயலா உங்க அண்ணன்?"

"எல்லாத்தையும் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவ." தொப்பியைத் தலையில் வைத்தார். "இங்க வந்து வண்டியத் தூக்கி எறியணும்னுதான் கெளம்பினேன். வழியில தொண்ணூறு மைல் இருந்துச்சு, யோசிக்க." பிறகு போகிற போக்கில் சொன்னார்: "அந்த உளி மழுங்கியிருக்கும். மழுங்கின உளிதான் கையக் கிழிக்கும். கிறிஸ்துமஸுக்குக் கொண்டா, தீட்டித் தரேன்."

ஆக, அண்ணா, இனி அந்த உளி என்னுடையது. உனக்கு என் புதுப் பெட்டியிலிருந்து ஒன்று தருகிறேன். பெரியதாகவே எடுத்துக்கொள்.

ஒன்றையும் எரிக்காத பொய்யனே, இதையும் எரிக்காதே. லாரி சீட்டுக்கு அடியிலேயே போட்டு வை. படிக்க வேண்டியவர் எடுத்துப் படித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மோர்வென்னா குயின்ட்ரெல்