மொதலாளி வேணும்

அம்மணி,

பட்டறைப் பசங்க கேட்ட எட்டு மணி நேர வேலைக்கு நான் ஒத்துக்கலைன்னு நீ கோவிச்சுட்டு கிணத்துக்கடவுல உங்கண்ணன் ஊட்டுக்குப் போனதுலருந்து பட்டறை ஓடலை. எல்லாரும் ஸ்ட்ரைக்குன்னு இரும்பு கேட்டு வாசல்ல உக்காந்துட்டாங்க. நான் மட்டும் உள்ளே, கைல இருக்கற ஒரே ஆர்டரும் கைவிட்டுப் போனா பட்டறையையே பூட்டணும்னு மனசுக்குள்ள உன்னோட சண்டை போட்டுட்டிருந்தேன்.

இன்னிக்கு லேத் ஓட்டற கிருபாசங்கர் "இன்குலாப்"னு கத்துனான். மத்தவங்களுக்குப் பதில் சொல்லத் தெரியலை. பீளமேட்டு மில்லு ஸ்ட்ரைக்குல நீயும் நானும் கத்திப் பழகுன வாயாச்சே, உள்ளேயிருந்து நான் "ஜிந்தாபாத்"னு சொல்லிப்போட்டேன்.

யாரும் சிரிக்கலை. "ஏனுங்க தோழர், வெளிய வந்து சொல்லுங்க"ன்னான் கிருபாசங்கர்.

போய் அவங்களோட உக்காந்துட்டேன். ஆர்டருக்கு என்ன பண்றதுன்னு இன்னும் தெரியலை.

பட்டறை உம்பேர்லதானே இருக்குது. நாளைக்குப் பேச்சுவார்த்தைக்கு மொதலாளி வேணும். வந்துரு.

இப்படிக்கு,
கேட்டு வாசல்ல உக்காந்திருக்கறவன்