ஆய்வாளர் வேடமிட்டு என் தாயாரை அழவைத்துப் படம்பிடித்த ‘ரத்த ரசீது’ குழுவினர் மீது

அனுப்புநர்:
செல்வி மௌரீன் ஆண்ட்ரூ,
வேதியியல் ஆசிரியை,
காக்ஸ் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
காவல் துணை ஆணையர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: போலிக் காவல் ஆய்வாளர் வீடு புகுந்து கணினியை எடுத்துச் சென்றமை; என் தாயாரை மிரட்டிப் படமெடுத்து இணையத்தில் வெளியிட்டமை – நடவடிக்கை வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் அறிந்தவர் எனக் கேள்விப்பட்டு இதைத் தமிழில் எழுதுகிறேன். கன்னட மொழிபெயர்ப்பும் இணைத்துள்ளேன்.

1. நான் தனியார் பள்ளியொன்றில் பணிபுரிகிறேன். என் தாயார் பெர்னதெத்துடன் வசிக்கிறேன். இணையத்தில் வெளியாகும் சிறு தொடர்களைப் பார்த்து, வாரந்தோறும் என் வலைப்பூவில் விமர்சனம் எழுதுவது என் பொழுதுபோக்கு. இது குற்றமாகாது என நம்புகிறேன்.

2. ஆஸ்டின் டவுன் திரு. சுஹாஸ், இரவல் கேமராவில் ‘ரத்த ரசீது’ என்ற துப்பறியும் தொடரை எடுத்து இணையத்தில் ஏற்றி வருகிறார். தம்மை இயக்குநர் என்று அழைத்துக்கொள்கிறார். அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. முதல் பகுதியில் ஆய்வாளர் இடக்கையால் சல்யூட் அடித்தார். அடுத்ததில் பிணம் கொசு விரட்டியது. நீதிமன்றக் காட்சியிலோ நீதிபதியின் தலைக்கு மேல் மணமக்களின் பெயர்கள் தெர்மோகோலில் மின்னின. கண்டதை எழுதினேன். ஆய்வாளராக நடிக்கும் திரு. தேஜஸைப் பற்றி, “இவரைவிட இவருடைய சீருடை நன்றாக நடிக்கிறது” என்று எழுதியதும் நானே. இன்றும் அந்தக் கருத்தில் மாற்றமில்லை.

3. அதன் கீழே சுஹாஸ் இட்ட மறுமொழி: “வீட்டுக்கே வந்து நடிச்சுக் காட்றோம் மிஸ், அப்புறம் எழுதுங்க.” இவர் என் பழைய மாணவர், டியூஷனுக்கு வந்துபோனவர். ஆதலால் முகவரியைத் தேட வேண்டியிருக்கவில்லை. வெறும் வாய்ப்பேச்சு என்று விட்டுவிட்டேன்.

4. சென்ற மாதம் ஒருநாள் பள்ளியிலிருந்து திரும்பியபோது என் தாயார் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். கணினி இல்லை. பத்தாம் வகுப்பு வினாத்தாள்கள் அதில்தான் இருந்தன. “இன்ஸ்பெக்டர் வந்தாரும்மா. உன்னப் புடிச்சிகினு போவப் போறாங்க” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காவல் நிலையத்துக்கு ஓடினேன். எங்கள் ஆள் எவரும் வரவில்லை என்றார்கள்.

5. நடந்தது என்ன என்பதை அந்த வெள்ளிக்கிழமை ‘ரத்த ரசீது’ எட்டாம் பகுதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதே தேஜஸ், அதே சீருடை, எங்கள் வரவேற்பறை. கேமராவைப் பிடித்திருந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை என்று தாயார் பின்னர் கூறினார். டியூஷன் நாட்களில் தமக்குக் காபி கொடுத்தவர் அடையாளம் கண்டுவிடுவாரென்ற அச்சம் போலும். இயக்குநரின் துணிச்சல் அவ்வளவே.

6. அப்பகுதியில் தேஜஸ், “உங்க பொண்ணு மேல சைபர் கிரைம் கம்ப்ளைண்ட் இருக்கு. கம்ப்யூட்டர சீஸ் பண்றோம்” என்கிறார். அதையும் தடுமாறித்தான் சொல்கிறார். என் தாயார் கைகூப்பி, “சாமி, அவ எழுதினதெல்லாம் அழிச்சிருவா. நா சொல்றேன், கேப்பா. டேசனுக்கு மட்டும் இட்டுகினு போவாதீங்க” என்று அவர் காலைத் தொடக் குனிகிறார். அங்கே கேமரா நெருங்கிச் சென்று என் தாயாரின் முகத்தில் நிற்கிறது. பின்னணியில் வயலின் சேர்த்திருக்கிறார்கள்.

7. அந்த முகத்தைப் பலர் பாராட்டி எழுதியுள்ளனர். ‘பாட்டி நேச்சுரல் ஆக்டிங்’ என்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது இருவர் தாயாரின் கையைக் குலுக்கி, “சூப்பரா நடிச்சீங்க ஆன்ட்டி” என்றனர். அதன்பின் தாயார் கோயிலுக்கு வருவதில்லை; அழைப்பு மணி ஒலித்தால் கதவைத் திறப்பதுமில்லை.

8. சுஹாஸிடம் தொலைபேசியில் கணினியைத் திருப்பிக் கேட்டதற்கு, “ஷூட்டிங் ப்ராப்பர்ட்டி மிஸ் அது, குடுத்துடறோம். இதுக்கு எப்ப ரிவ்யூ போடுவீங்க?” என்றார். மீண்டும் காவல் நிலையம் சென்றேன். அங்கிருந்த தலைமைக் காவலர், “ஏன் மேடம், ஷூட்டிங் தானே? நம்ம வீட்ல எல்லாரும் பாத்தோம். உங்கம்மா ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்று சிரித்து, மனுவை வாங்க மறுத்தார்.

9. சுஹாஸ் கேட்ட விமர்சனத்தை இங்கேயே தருகிறேன். எட்டாம் பகுதியில் நடிப்பு என்று எதுவுமில்லை. தேஜஸுக்கு அது வராது. என் தாயார் நடிக்கவில்லை. கற்பனையாக ஒரு காட்சியைக்கூட எடுக்கத் தெரியாத இருவர், ஒரு முதியவளின் நடுக்கத்தைத் திருடித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். திருட்டைத் தவிர அதில் வேறு திறமை இல்லை.

10. ஆகவே, அப்பகுதியை இணையத்திலிருந்து நீக்கவும், கணினியை மீட்டுத் தரவும், அச்சீருடையைக் கைப்பற்றவும், இருவர் மீதும் வழக்குப் பதியவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன். என் விமர்சனப் பதிவுகளை நீக்கிவிடும்படி தாயார் தினமும் அழுகிறார். நான் நீக்கவில்லை, நீக்கவும் மாட்டேன்.

விசாரணைக்கு அனுப்பப்படுபவர் பெண் அலுவலராக இருந்தால் நலம். அவர் சாதாரணச் சேலையில் வந்து, அழைப்பு மணி அடிக்காமல், வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். நானே வந்து கதவைத் திறக்கிறேன்.

இடம்: பெங்களூரு
நாள்: 17.11.2008

தங்கள் நடவடிக்கைக்குக் காத்திருக்கும்,
மௌரீன் ஆண்ட்ரூ